வணிகச் செயன்முறைகளில் தரவு படியெடுக்கும் முறை

படியெடுத்தல் தமிழர்க்குப் புதிய தொழிலன்று. அச்சுப்பொறி வருமுன் நம் முன்னோர் நூல்கள் யாவும் ஓலைச்சுவடிகளிற் படியெடுக்கப்பட்டே தலைமுறை தலைமுறையாகக் காக்கப்பட்டன. ஏடெழுதுவோன் ஓரெழுத்தை விடினும், ஓரடியை இருமுறை எழுதினும், ஓரிடத்துக்குரிய அடியை வேறோரிடத்திற் சேர்ப்பினும், அப்பிழை அவ்வேட்டோடு நில்லாது அடுத்த படிக்கும் அதற்கடுத்த படிக்கும் தொடர்ந்து சென்றது. சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களும் உ. வே. சாமிநாதையர் அவர்களும் பல ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கியே பழைய நூல்களை அச்சேற்ற வேண்டியிருந்ததற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இக்காலத்தில் வணிக நிலையங்களிலும் வங்கிகளிலும் அரசாங்க அலுவலகங்களிலும் அத்தொழிலைப் பெரும்பாலும் கணினியே செய்கின்றது. வாடிக்கையாளர் அனுப்பிய கட்டளையிலுள்ள பெயரும் முகவரியும் கப்பலேற்றுவோனுக்குச் செல்லும் கடிதத்திற் படியெடுக்கப்படுகின்றன. அவன் மறுமொழியாகத் தந்த கூலி விலைப்பட்டியலிற் படியெடுக்கப்படுகின்றது. ஏடெழுதுவோன் களைத்துப் பிழைசெய்வான், கணினி களைப்பதில்லை. ஆயினும், எதனை எங்கே எழுதவேண்டும் என்று அதற்குக் கூறும் விதி பிழைபடின், அப்பிழையை அது களைப்பின்றி ஆயிரமுறை செய்துவிடும். ஆதலின் அவ்விதிகளை வகுத்தோர் எத்துணை விழிப்போடு வகுத்தனர் என்பதும், அவற்றைக் கையாள்வோர் எங்கெங்கே இடறுகின்றனர் என்பதும் அறியத்தக்கன. இவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மொழிகள் தோன்றிய வரலாறு

ஒரு நிறுவனத்தின் கணினி மற்றொரு நிறுவனத்தின் கணினியோடு உரையாட வேண்டுமாயின் இரண்டுக்கும் பொதுவானதோர் எழுத்துமுறை வேண்டும். அம்முறைகளுட் சிறந்த ஒன்று எக்ஸ்.எம்.எல். என்பது. உலகளாவிய வலைக் கூட்டமைப்பு அதன் முதற் பதிப்பை 1998ஆம் ஆண்டு பெப்ரவரி 10ஆம் நாள் வெளியிட்டது. இம்முறையில் ஒவ்வொரு செய்தியும் பெயர்க்குறிகளாற் சூழப்பட்டு நிற்கும். 'கட்டளை' என்னும் குறிக்குள் 'வாடிக்கையாளர்' என்பதும், அதனுள் 'பெயர்', 'முகவரி' என்பனவும் அடங்க, முழு ஆவணமும் வேரும் கிளையும் இலையும் உடையதொரு மரம்போல அமையும். எக்ஸ்.எம்.எல். யூனிக்கோட்டை அடிப்படையாகக் கொண்டமையின் இப்பெயர்க்குறிகளைத் தமிழெழுத்திலேயே எழுதவும் இயலும்.

இம்மரத்தின் இன்ன கிளையிலுள்ள இன்ன இலை என்று சுட்டிக்காட்டுதற்கு எக்ஸ்பாத் என்னும் மொழி 1999ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் அதே கூட்டமைப்பினால் வெளியிடப்பட்டது. ஒரு மரத்தை வேறொரு வடிவுடைய மரமாக மாற்றுதற்குரிய எக்ஸ்.எஸ்.எல்.ரி. என்னும் மொழியும் அதே நாளில் வெளிவந்தது.

ஆவணத்துக்கு மொழி கிடைத்தது; தொழிலின் ஒழுங்கைக் கூறுதற்கும் ஒரு மொழி வேண்டப்பட்டது. முதலிற் கட்டளையைப் பெறுக, பின்னர்க் கப்பலேற்றுவோனைக் கேட்க, அதன்பின் விலை கணிக்க என்றவாறு வேலைகளை நிரைப்படுத்துதற்கு மைக்றோசொவ்ற் நிறுவனம் எக்ஸ்லாங் என்பதனையும், ஐ.பி.எம். நிறுவனம் டபிள்யூ.எஸ்.எவ்.எல். என்பதனையும் தனித்தனியே வகுத்தன. இவ்விரண்டின் கருத்துக்களையும் இணைத்து, பீ.ஈ.ஏ. நிறுவனமும் சேர்ந்துகொள்ள, 2002ஆம் ஆண்டில் வணிகச் செயன்முறை நிறைவேற்று மொழி வெளியிடப்பட்டது. இதனைச் சுருக்கிப் 'பீபெல்' என வழங்குவர். ஒயாசிஸ் என்னும் நியம அமைப்பு இதனைத் திருத்தி விரித்து, 2007ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் 2.0 என்னும் பதிப்பாக ஏற்றுக்கொண்டது.

இவ்வரலாற்றில் இலங்கைக்கும் ஓரிடம் உண்டு. 2002ஆம் ஆண்டு வெளியீட்டின் ஆசிரியர் எழுவருள் ஒருவர், அக்காலத்தில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பகுதியிற் பணியாற்றிய இலங்கையரான கலாநிதி சஞ்சீவ வீரவரண ஆவர். அவர் பின்னர் 2005ஆம் ஆண்டிற் பிறருடன் சேர்ந்து நிறுவிய டபிள்யூ.எஸ்.ஓ.2 என்னும் நிறுவனம், அப்பாச்சி ஓ.டி.ஈ. என்னும் திறந்த மூல எந்திரத்தை அடிப்படையாகக் கொண்டு இம்மொழியை இயக்கும் மென்பொருளொன்றையும் ஆக்கி வழங்கியது.

மாறிகளும் அவற்றின் வகையும்

நியம நூலில் முதலெடுத்துக்காட்டாகக் கூறப்பட்டிருப்பது ஒரு கொள்வனவுக் கட்டளையின் கதையாகும். வாடிக்கையாளரிடமிருந்து கட்டளை வருகின்றது. வந்தவுடன் மூன்று வேலைகள் ஒருங்கே தொடங்குகின்றன: கப்பலேற்றுவோனைத் தெரிதல், விலையைக் கணித்தல், உற்பத்தியையும் அனுப்புதலையும் நாட்படுத்தல். கப்பற்கூலி தெரிந்தாலன்றி இறுதி விலையைக் கணித்தல் இயலாது. அனுப்பும் நாள் தெரிந்தாலன்றி நாட்படுத்தல் நிறைவுறாது. ஆகவே ஒரு வேலையிற் பெற்ற செய்தி மற்றொரு வேலைக்கு உரிய நேரத்திற் கொண்டுசெல்லப்படல் வேண்டும்.

இங்ஙனம் வந்த செய்திகளையும் செல்லவேண்டிய செய்திகளையும் தாங்கிநிற்கும் கொள்கலங்களே மாறிகள் எனப்படும். அவை மூவகையின. முதல்வகை, வெளியாரோடு பரிமாறும் செய்தியின் முழு வடிவத்தைத் தாங்குவது. அது பல பகுதிகளை உடையதாதலும் உண்டு. இரண்டாம் வகை, எண், நாள், சொல் முதலிய வகைகளுள் ஒன்றற்கு உரியது. மூன்றாம் வகை, குறித்த பெயருடைய எக்ஸ்.எம்.எல். உறுப்பொன்றைத் தாங்குவது. எவ்வகையினதாயினும் ஒரு மாறி பிறக்கும்போது வெறுமையாகவே இருக்கும். அதில் ஒன்றை இடுமுன் அதனைப் படிக்க முற்படின், எந்திரம் தொடக்கப்படாத மாறி என்னும் வழுவை எழுப்பி நிற்கும்.

'இருந்து' என்பதும் 'கு' என்பதும்

ஒரு மாறியிலிருந்து மற்றொரு மாறிக்குத் தரவைக் கொண்டுசெல்லும் செயல் 'அசைன்' எனப்படும். அதனுள் ஒன்றோ பலவோ 'கொப்பி' என்னும் கூற்றுக்கள் இருக்கும். ஒவ்வொரு கொப்பியும் இரண்டு உறுப்புக்களை உடையது. ஒன்று மூலத்தைக் கூறும். மற்றொன்று சேருமிடத்தைக் கூறும். தமிழிலக்கணம் கற்றோர் இவற்றை எளிதில் விளங்கிக்கொள்வர். முன்னையது ஐந்தாம் வேற்றுமையின் நீங்கற்பொருளை ஒப்பது. பின்னையது நான்காம் வேற்றுமையின் கொடைப்பொருளை ஒப்பது. எடுத்துக்காட்டாக, 'கட்டளையின் வாடிக்கையாளர் விவரத்திலிருந்து கப்பலேற்றுக் கோரிக்கையின் வாடிக்கையாளர் விவரத்துக்கு' என்பதே நியம நூலின் கதையில் வரும் முதற் கொப்பியின் பொருளாகும்.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. மரத்தினின்று நீங்கிய கனி பின்னர் மரத்தில் இல்லை. கொப்பியின் மூலத்திலோ தரவு அப்படியே எஞ்சிநிற்கும். சேருமிடம் பெறுவது அதன் படியேயாம். மேலும், அப்படி தனியுயிர் உடையது. படியெடுத்தபின் மூலத்தை மாற்றினால், அம்மாற்றம் படியைச் சென்றடைவதில்லை. வேறு பல கணினி மொழிகளில் இரு பெயர்கள் ஒரே பொருளைச் சுட்டி நிற்றல் உண்டாகையால், அவற்றிற் பழகியோர் இங்கே மயங்குதல் இயல்பு. முகவரியைப் படியெடுத்தபின் வாடிக்கையாளர் அதனைத் திருத்தி அனுப்பினாராயின், கட்டளையிலுள்ள முகவரி மட்டும் திருந்தும். கப்பலேற்றுக் கோரிக்கையில் உள்ளது பழையதாகவே இருக்கும். மீண்டும் ஒருமுறை படியெடுத்தாலன்றிப் பண்டம் பழைய வீட்டுக்கே போய்ச்சேரும்.

மூலமாக வருவது ஒரு மாறியாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. 'இவ்விரண்டையும் பெருக்கியதன் பயன்' என்பதுபோன்ற கணக்கும் மூலமாகலாம். எழுதுவோரே வரைந்து வைத்த எழுத்துருவும் மூலமாகலாம். இப்பின்னையதன் பயன் பின்னர்த் தோன்றும்.

எது நீங்கி எது நிற்கும்

எக்ஸ்.எம்.எல். மரத்திற் படியெடுத்தற்குரியன மூன்று: உறுப்பு, அவ்வுறுப்பின்மேல் எழுதப்படும் பண்பு, உள்ளிருக்கும் உரை. மூலமும் சேருமிடமும் உறுப்புக்களாயின், சேருமிடத்து உறுப்பின் குழந்தைகளும் பண்புகளும் முற்றாக நீங்க, மூலத்தின் குழந்தைகளும் பண்புகளும் அவ்விடத்தில் அமர்கின்றன. உறுப்பின் பெயர் மட்டும் மாறுவதில்லை. 'பட்டியல் முகவரி' என்னும் உறுப்பை 'அனுப்பு முகவரி' என்னும் உறுப்பிற் படியெடுத்தால், உள்ளீடு முழுவதும் மாறியும், 'அனுப்பு முகவரி' என்னும் பெயர் நிலைத்துநிற்கும். மூலத்தின் பெயரும் வேண்டுமெனில் அதனைத் தனியே குறித்தல் வேண்டும்.

மூலமேனும் சேருமிடமேனும் பண்பாகவோ உரையாகவோ இருப்பின், படியெடுக்கப்படுவது எழுத்துத்தொடர் மட்டுமே. முழு முகவரி உறுப்பை ஒரு பண்பிற் படியெடுக்க முனைந்தால், வீட்டிலக்கமும் தெருவும் ஊரும் எல்லையின்றி ஒட்டிக்கொண்டு ஒரே சொற்றொடராய் வந்து நிற்கும். இது வழுவெனக் கருதப்படாமையின் எந்திரம் எச்சரிக்கை எதுவும் செய்யாது.

செய்தி மாறி முழுவதையும் அதே வகையினதான மற்றொரு செய்தி மாறியிற் படியெடுத்தால், பின்னையதன் பழைய பகுதிகள் எவையும் எஞ்சமாட்டா. பழையனவற்றுள் ஒன்றையேனும் காக்கவேண்டின், பகுதி பகுதியாகவே படியெடுத்தல் வேண்டும்.

ஒன்றே ஒன்று என்னும் விதி

இம்முறையின் நடுநாயகமான விதி, மூலமாகச் சுட்டும் பாதையும் சேருமிடமாகச் சுட்டும் பாதையும் தனித்தனியே ஒரேயொரு பொருளையே காட்டவேண்டும் என்பதாகும். ஒன்றும் இல்லையாயினும் வழு. ஒன்றின் மேற்பட்டு இருப்பினும் வழு. இதற்குத் தெரிவுவழு என்பது பொருத்தமான பெயராகும். இம்மொழியைப் புதிதாகக் கற்போர் மிகுதியாகக் காணும் வழுவும் இதுவே. அதன் காரணங்கள் பெரும்பாலும் மூன்றனுள் அடங்கும்.

முதலாவது, பெயர்வெளிக் குறை. இரு நிறுவனத்தார் 'முகவரி' என்னும் ஒரே பெயரை வேறுவேறு பொருளில் வழங்கலாமாதலின், ஒவ்வொரு பெயரும் எக்குடியைச் சேர்ந்தது என்று காட்டப் பெயர்வெளி என்பது வகுக்கப்பட்டுள்ளது. ஆவணத்தில் முன்னொட்டின்றியே ஒரு பெயர் ஒரு பெயர்வெளியைச் சேர்ந்து நிற்கலாம். எக்ஸ்பாத்தின் முதற் பதிப்பிலோ முன்னொட்டில்லாத பெயர் எப்பெயர்வெளியையும் சாராத பெயராகவே கொள்ளப்படும். ஆகவே கண்ணுக்கு ஒன்றாய்த் தோன்றும் பெயர்கள் எந்திரத்துக்கு வேறாகின்றன. பாதை ஒன்றையும் காணாது மீள்கின்றது. பாதையில் உரிய முன்னொட்டைச் சேர்த்து, அம்முன்னொட்டு எப்பெயர்வெளியைக் குறிக்கும் என்பதனையும் அறிவித்தலே இதற்கு மருந்து.

இரண்டாவது, சேருமிடத்தில் மரமே இல்லாமை. வெறுமையான மாறியொன்றின் 'கோரிக்கை', அதனுள் 'வாடிக்கையாளர்', அதனுள் 'பெயர்' என்னும் இடத்தில் எழுதுக என்றால், எந்திரம் அக்கிளைகளைத் தானே முளைக்கச்செய்து எழுதும் என்று பலர் எதிர்பார்க்கின்றனர். நியமம் அவ்வாறு கூறவில்லை. இல்லாத கிளையில் இலையை ஒட்டல் ஆகாது. ஆதலின், வெற்றுப் பெயர்க்குறிகளால் ஆகிய ஓர் எலும்புக்கூட்டை எழுத்துருவாக வரைந்து, அதனை முதற் கொப்பியால் மாறியில் இட்டு, அடுத்துவரும் கொப்பிகளால் ஒவ்வோரிடத்தையும் நிரப்புதல் வேண்டும். ஓர் அசைனுள் உள்ள கொப்பிகள் எழுதிய வரிசையிலேயே நிகழ்வனவாதலின் இம்முறை தவறாது பயன்தரும்.

மூன்றாவது, பல பொருள்கள் ஒரே பெயரில் இருத்தல். கட்டளையில் ஐந்து பண்டங்கள் இருக்க, 'பண்டத்தின் விலை' என்று மட்டும் சுட்டினால் ஐந்தும் எதிர்வந்து நிற்கும். எத்தனையாவது பண்டம் என்றோ, இன்ன குறியீட்டெண்ணை உடைய பண்டம் என்றோ வரையறுத்தல் வேண்டும்.

இவ்விதி கடுமையுடையதாகத் தோன்றலாம். இரண்டிருந்தால் முதலாவதை எடுத்துக்கொண்டு மேலே செல்லலாகாதா என்று வினவுவோர் உளர். ஒரு வாடிக்கையாளருக்குப் பணம் செலுத்தும் முகவரி ஒன்றும் பண்டம் பெறும் முகவரி ஒன்றுமாக இரண்டு உள்ளன எனக் கொள்க. முதலாவதை எடுத்துச் செல்லும் எந்திரம் எவ்வித ஓசையுமின்றி, ஒருவர் மருத்துவமனைக்கு அனுப்பக் கேட்ட மருந்துப்பொதியை அவர் பூட்டிவந்த வீட்டுக்கு அனுப்பிவிடும். பிழை நேர்ந்தது என்பதனை அறிவிப்பது எந்திரமன்று. மருந்து வரக் காணாத நோயாளனே. நிற்கும் எந்திரம் தொல்லை தருவது மெய்யே. ஆனால் அத்தொல்லை அதனை எழுதினோனுக்கு உரியது. நில்லாத எந்திரத்தின் தொல்லை, அதனை எழுதாத ஒருவரைச் சென்று சேர்கின்றது.

வழுவமைதி

இலக்கணத்தில் வழுவை ஒரு காரணம்பற்றி அமைத்துக்கொள்ளுதல் வழுவமைதி எனப்படும். அதுபோன்றதொரு வாயில் இங்கும் உண்டு. கட்டளையிற் சில விவரங்கள் இருக்கலாம், இல்லாதும் போகலாம். 'வீட்டின் இரண்டாம் தொலைபேசி எண்' அத்தகையது. அது இல்லாமை பற்றி முழுச் செயலும் நிற்றல் தகாது. ஆகையால், மூலம் இல்லையாயின் அக்கொப்பியை வாளா விடுக என்று குறிப்பதற்கு 2.0 பதிப்பு இடமளிக்கின்றது. இக்குறிப்பு மூலம் இல்லாமையை மட்டுமே அமைக்கும்; பல இருத்தலை அமைக்காது.

இவ்வமைதியை எல்லாக் கொப்பிகளுக்கும் இட்டுவிட்டால் வழு எழாது என்று எண்ணி அவ்வாறே செய்வோரும் உளர். அது நோயை விட்டு நோயாளியின் வாயை அடைத்தல் போலும். தொலைபேசி எண் இல்லாமை அமையும். விலை இல்லாமை அமையாது. எது இன்றியமையாதது, எது இன்றியும் அமைவது என்று பிரித்தறிதல் எந்திரத்தால் இயலாது. அத்தொழிலை அறிந்த மனிதரே அதனைச் செய்தல் வேண்டும்.

முழுவதும் அல்லது ஒன்றுமில்லை

ஓர் அசைனுள் ஐந்து கொப்பிகள் உள்ளன. மூன்று நிறைவேறியபின் நான்காவது வழுப்பட்டது எனின் யாது நிகழும்? மூன்றின் பயனையும் அப்படியே விட்டால், புதிய பண்டத்தின் தொகை பழைய பண்டத்தின் விலையோடு கூடி நிற்கும். அது புதியதுமன்று, பழையதுமன்று. எக்காலத்தும் எவராலும் கூறப்படாத ஒரு பொய்யாவணம். ஆகவே, அசைனில் எங்கேனும் வழு நேரின் சேருமிடத்து மாறிகள் யாவும் அச்செயல் தொடங்குமுன் இருந்தவாறே இருக்கவேண்டும் என்பது நியமம். இதனால் ஒரு முறைமையும் பெறப்படுகின்றது. ஒன்றோடொன்று பொருந்தி மாறவேண்டிய விவரங்களை ஒரே அசைனுள் வைத்தல் நன்று. பல அசைன்களாகப் பிரிப்பின் இக்காவல் அவற்றுக்கு இடையே செல்லாது.

ஒருங்கே நிகழும் வேலைகள் ஒரே மாறியைத் தொடும்போது மற்றோர் இடர் தோன்றும். ஒன்று எழுதிக்கொண்டிருக்கையில் மற்றொன்று படிக்கலாம். அதனைத் தடுத்தற்கு, மாறியைத் தொடும் பகுதிகளைத் தனிமைப்படுத்திய எல்லைக்குள் வைத்தற்கு 2.0 பதிப்பு வழிசெய்துள்ளது. அவ்வாறு வைத்த எல்லைகள் ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்ந்தால் எப்பயன் விளையுமோ அப்பயனே விளையும்.

வணிகச் செயன்முறைகள் நொடியில் முடிவன அல்ல. நாட்கணக்காகவும் வாரக்கணக்காகவும் நிகழ்வன. கட்டளை ஏற்றுப் பணமும் பெற்றபின், பண்டம் இல்லை என்று தெரிதலும் கூடும். அப்பொழுது முடிந்த வேலையை அழித்தல் இயலாது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தல் போன்ற ஈடுசெய்தலே இயலும். எவ்வளவு பெற்றோம் என்பது தெரிந்தாலன்றி எவ்வளவு திருப்புவது என்பது தெரியாது. இதன்பொருட்டு, ஓரெல்லை நிறைவுறும்போது அதனுள் அறிவிக்கப்பட்ட மாறிகளின் நிலை படியெடுத்துக் காக்கப்பட்டு, ஈடுசெய்யும் வேளையில் அப்படியே அளிக்கப்படுகின்றது.

பல பண்டங்களும் சரிபார்த்தலும்

ஐந்து பண்டங்களையும் வேறு வடிவுடைய ஆவணத்திற் சேர்க்கவேண்டின் கொப்பி மட்டும் போதாது. ஏனெனில் அது இருப்பதை மாற்றுமேயன்றி, ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்துச் செல்லாது. அவ்விடத்தில் முன் கூறிய எக்ஸ்.எஸ்.எல்.ரி. மொழியில் மாற்றுவிதியை எழுதி, கொப்பியின் மூலத்தில் அதனை அழைத்தல் சிறந்த வழியாகும். அதற்குரிய சார்பு நியமத்திலேயே தரப்பட்டுள்ளது. சில நிறுவனங்கள் சேர்த்தல், நீக்கல் என்பனவற்றுக்குத் தத்தம் புதுக்கூற்றுக்களை ஆக்கின. அவை எளியனவாயினும், ஒருவர் எந்திரத்தில் எழுதியது மற்றொருவர் எந்திரத்தில் ஓடாது. பொதுமொழி வேண்டும் என்னும் முதனோக்கமே அவ்வளவிற் குறைபடும்.

ஒவ்வொரு கொப்பியும் வழுவின்றி நிகழினும், முடிவில் நின்ற ஆவணம் தன் இலக்கணத்துக்கு அமைந்ததாகும் என்பது உறுதியன்று. எண் இருக்கவேண்டிய இடத்திற் சொல் இருக்கலாம். அசைன் முடிந்தவுடன் மாறிய மாறிகளைச் சரிபார்க்குமாறு கேட்கலாம். கேளாதவழி அது செய்யப்படாது. சரிபார்த்தலை நிறுத்திவைக்கும் வசதியை எந்திரம் வழங்கவும் நியமம் இடங்கொடுக்கின்றது. விரைவை விரும்பி அதனை நிறுத்துவோர், எவ்விடத்திலேனும், சிறப்பாக ஆவணம் வெளியே செல்லும் வாயிலிலேனும், அதனை வைத்திருத்தல் அறிவுடைமையாகும்.

முடிவு

பீபெல் ஒருகாலத்திற் பெற்றிருந்த முதன்மை பின்னர்க் குறைந்தது. 2011ஆம் ஆண்டு ஜனவரியில் வெளிவந்த பீ.பி.எம்.என். 2.0 என்னும் வரைமுறை பல நிறுவனங்களிற் பரவியது, எக்ஸ்.எம்.எல். இருந்த பல இடங்களில் ஜேசன் என்னும் எளிய வடிவம் வந்தமர்ந்தது. ஆயினும், அப்புதிய வரைமுறையிலும் தரவைக் கொண்டுசெல்லும் கூற்றில் மூலமும் சேருமிடமும் இருவேறு உறுப்புக்களாகவே நிற்கின்றன. பெயர்கள் மாறினும், எதிலிருந்து, எதற்கு, எத்தனை, இல்லையாயின் யாது செய்வது என்னும் நான்கு வினாக்களும் மாறவில்லை.

இந்நான்கு வினாக்களும் ஏடெழுதினோர்க்கும் உரியனவாயிருந்தன. அவருட் சிறந்தோர், மூல ஏட்டிற் சிதைந்த இடத்தைத் தம் கற்பனையால் நிரப்பாது வெற்றிடமாக விட்டு அடையாளமிட்டனர். அதனாற் பின்வந்தோர் குறையைக் குறையென்று அறிந்து வேறேட்டைத் தேடலாயினர். தெரியாதவிடத்து நின்று, தெரியவில்லை என்று அறிவிக்கும் எந்திரமும் அந்நெறியையே பின்பற்றுகின்றது. அதன் அறிவிப்பை இடையூறென்று எண்ணி அடக்காது, தொழிலறிந்த ஒருவர் கூறும் எச்சரிக்கையாகக் கொண்டு காரணத்தை ஆராய்வோர் கையில், அது நன்கு பயன்படும்.